அவசரச் செலவு

"அண்ணாச்சி, இது என்ன?"

"ஃப்ளெக்ஸ்."

"ஃப்ளெக்ஸ்னு தெரியுது. என்ன எழுதியிருக்கு?" என்றாள் அஞ்சு.

தமிழ்ச் சங்கச் செயலாளர் முப்பிடாதி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கொச்சி மட்டாஞ்சேரி முக்கில் தானே முன்நின்று கட்டிய அந்த ஃப்ளெக்ஸை, வேறு யாரோ கட்டியதைப் போல நிதானமாக வாசித்தார்.

"‘அவசரச் செலவு. அஞ்சு, பி.ஏ. பேசுகிறார். அனைவரும் வருக.’ எழுத்துப்பிழைகூட இல்லையே?"

நடுவில் அஞ்சுவின் படம். பட்டம் வாங்கிய அன்று எடுத்தது. கறுப்பு அங்கியில் முறைத்துக்கொண்டிருந்தாள். வாசகத்தையும் முறைப்பையும் சேர்த்துப் பார்த்தால், ஊர் முழுக்க அவளுக்கு ஏதோ தர வேண்டியது போலிருந்தது.

விஷயம் சின்னது. பிளஸ் ஒன்னில் சேர்ந்து புதிதாக எகனாமிக்ஸ் படிக்கப்போகும் பிள்ளைகளுக்குச் சங்கத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒரு கூட்டம். அறிவுரை சொல்ல, அந்தத் தெருவிலேயே எகனாமிக்ஸில் பட்டம் வாங்கிய ஒரே ஆளான அஞ்சுவைக் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பு என்ன என்று முப்பிடாதி போனில் கேட்டார். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கைவிட்டுப் போகிற இன்னொன்று இருக்கிறதே, அதுதான் நாம் கொடுக்கிற விலை என்று ஒரு பாடம் உண்டு. பள்ளிக்கூடத்தில் மலையாள டீச்சர் அதற்குச் சொல்லிக்கொடுத்த பெயரையே அஞ்சுவும் சொன்னாள். அவசரச் செலவு.

"மலையாளத்துல அவசரம்னா வாய்ப்பு அண்ணாச்சி!"

"அதை நீ மலையாளத்துல சொல்லியிருக்கணும்."

"மலையாளத்துலதான் சொன்னேன்!"

"நான் தமிழ்லல்லா கேட்டேன்."

அஞ்சுவுக்கு எகனாமிக்ஸ் இங்கிலீஷில் தெரியும். சிரிக்க மலையாளத்தில் தெரியும். தமிழில் அவளுக்குச் சண்டை போட மட்டும்தான் தெரியும், அதுவும் அம்மாவிடமிருந்து கற்றது. "தமிழ்ச் சங்கத்துல தமிழ்லதான் பேசணும்" என்று முப்பிடாதி சொன்னபோதே அவள் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. காரணம், அந்த வாரம் அவள் மனசு கொச்சியிலேயே இல்லை.

அது ஹைதராபாத்தில் இருந்தது. அங்கே ஒரு யூனிவர்சிட்டியில் அவளுக்கு எம்.ஏ. சீட் கிடைத்திருந்தது. புதன்கிழமை நேரில் போய்ச் சேர்ந்தால் சீட் அவளுடையது, இல்லையென்றால் பட்டியலில் அடுத்தவருடையது. வீட்டில் சொல்லவில்லை. அப்பா வேலன் கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. பி.ஏ. முடித்த அன்றே அம்மா பேச்சியம்மாள் சாமி படத்துக்கு முன்னால் நின்று, "நல்லபடியா முடிஞ்சுது, இனி ஒரு நல்லது நடக்கணும்" என்று வேண்டிக்கொண்டாள். பெண் பிள்ளை இருக்கிற வீட்டில் ‘நல்லது’ என்றால் ஒன்றுதான் அர்த்தம். கேட்டால் முடியாது என்பார்கள். கேட்காத வரைக்கும் அந்த சீட் அஞ்சுவுடையதாகவே இருந்தது. அதனால் அவள் கேட்கவில்லை.

போனில் வானிலை பார்க்கும் இடத்தில் இரண்டு ஊர்களைப் போட்டு வைத்திருந்தாள். யூதத் தெருவில் அவள் பில் போடும் மசாலாக் கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் அதைத் திறப்பாள். கொச்சியில் மழை. ஹைதராபாத்தில் லேசான மேகம். அந்த மேகத்துக்குக் கீழே பெரிய பெரிய பாறைகளும், பாறைகளுக்கு நடுவே ஒரு லைப்ரரியும், அதில் ஜன்னலோரம் ஒரு காலி நாற்காலியும் இருப்பது அவளுக்குத் தெரியும். நாற்காலி காலி என்று போட்டோவில் பார்த்திருந்தாள். யாரும் உட்காரக் கூடாதே என்று இருந்தது.

"சரி, கோவிக்காதே," என்றார் முப்பிடாதி. "‘அவசர’ங்கிற இடத்துல மேல ஒரு துண்டு ஒட்டிரலாம். வாய்ப்புன்னு போட்டாப் போதும்ல?"

"போதும்."

மறுநாள் காலையில் அவள் கடைக்குப் போகும் வழியில் துண்டு ஒட்டியிருந்தது. முப்பிடாதிக்கு வெறும் ‘வாய்ப்பு’ மொட்டையாகத் தெரிந்திருக்க வேண்டும். இப்போது ஃப்ளெக்ஸின் மேல்வரி இப்படி இருந்தது: "நல்ல வாய்ப்பு! செலவு: அஞ்சு, பி.ஏ." கீழே அவள் படம்.

மீன் வாங்க வந்த இரண்டு பெரியவர்கள் அதன் முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"செலவு பொண்ணு வீட்டுக்காரங்களோடதாம்."

"பி.ஏ. வேற. நல்ல வாய்ப்புதான்."

அஞ்சு ஓரத்துக் கட்டைச் சுவர் மேல் ஏறினாள். துண்டின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். முப்பிடாதி எதையும் அரைகுறையாக ஒட்டுகிற ஆள் இல்லை. துண்டோடு சேர்ந்து ஃப்ளெக்ஸும் கிழிந்தது. ‘செலவு’ போனது. ‘பேசுகிறார்’ போனது. மிச்சம் நின்றது அவள் படமும், மேலே ‘அவசர’வும், கீழே ‘அனைவரும் வருக’வும்.

பெரியவர்களில் ஒருவர் மரியாதையாகச் செருப்பைக் கழற்றினார்.

"நான் சாகல மாமா!" என்று கத்திவிட்டு அஞ்சு இறங்கினாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது நடு அறையில் ஒரு பெட்டி நின்றது. புதிய பெட்டி, சக்கரம் வைத்தது. அதன் பக்கத்தில் பின்வீட்டு ஸ்வர்ணலதா அக்கா சாயா குடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை இல்லாதவள். அஞ்சு சின்ன வயதில் பாதி நாள் அவள் வீட்டில்தான் தூங்கியிருக்கிறாள்.

"வா மோளே. எப்படி இருக்கு பெட்டி?"

"எதுக்குக்கா இது?"

"போற இடத்துல ஒரு நல்ல பெட்டி இல்லாட்டி நம்ம மானம்ல போகும்?"

அஞ்சு அம்மாவைப் பார்த்தாள். பேச்சியம்மாள் அடுப்பைப் பார்த்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

"அக்கா, எனக்கு ஒரு அவசரமும் இல்லை. அது ஃப்ளெக்ஸ்ல தப்பாப் போட்டது."

"ஏது ஃப்ளெக்ஸ்?"

"முக்குல இருக்கே, தமிழ்ல."

"எனக்கு எங்க தமிழ் வாசிக்க அறியும்? மலையாளம்தான். உன் மூக்கு நல்லா விழுந்திருக்குன்னு மட்டும் பார்த்தேன்." ஸ்வர்ணலதா எழுந்தாள். "வெளியில யார்கிட்டயும் சொல்லாதேன்னு உன் அம்மா சொன்னா. சொல்ல மாட்டேன். கண்ணு பட்டிரும்."

அவள் போனதும் அஞ்சு கேட்டாள். "என்னம்மா நடக்குது?"

"என்ன நடக்குது? மாங்கா உப்புல போட்டிருக்கேன். ரெண்டு மாசத்துக்குக் கெடாது."

"எதுக்கு ரெண்டு மாசம்?"

"கேள்வி கேக்காதே. உன் வாயாலதான் எல்லாம் முறியும்."

முறியும்! எது முறியும்? பூட்டு முறியுமா, கதவு முறியுமா? இந்த வீட்டில் முறியக்கூடியது ஒரே ஒரு விஷயம்தான். சம்பந்தம்.

பட்டம் வாங்கிய மூளை அல்லவா, வேகமாக வேலை செய்தது. ஃப்ளெக்ஸ் வாசிக்கத் தெரியாதவள் பெட்டி கொண்டுவந்தாள் என்றால் குழப்பம் ஃப்ளெக்ஸில் இல்லை. குழப்பம் இந்த வீட்டுக்குள்தான் இருக்கிறது. போற இடம். கண்ணு பட்டிரும். வெளியில் சொல்லாதே.

மறுநாள் முகைதீன் பிச்சை மாமா கம்பளியோடு வந்தார். மெத்தைக் கடைக்காரர், அஞ்சுவின் தோழி லமியாவின் வாப்பா. அவரிடமாவது உண்மையைக் கறந்துவிடலாம் என்று அஞ்சு வாசலிலேயே மறித்தாள்.

"மாமா, ஆளு யாரு?"

"எந்த ஆளு? அங்க எல்லாருமே பெரிய ஆளுங்கதாம்மா. ஊர் உலகத்துல பேர் உள்ள இடம். உங்க அப்பா நல்லா விசாரிச்சாச்சு."

"எனக்குப் பிடிக்க வேண்டாமா?"

"உனக்குப் பிடிச்சுத்தானே இவ்வளவும்!" அவர் ஆச்சரியப்பட்டார். "இந்தா, பிடி. டிசம்பர் வந்தா சுருண்டு போயிருவே. நம்ம ஊரு போல இல்ல, குளிரும்."

குளிருமாம். மாப்பிள்ளை மூணாறா, ஊட்டியா? கம்பளியை வாங்கி ஸ்வர்ணலதாவின் பெட்டி மேல் எறிந்தாள். உள்ளே அப்பா போனில் பேசும் சத்தம் கேட்டது. வேலன் வீட்டில் சத்தமாகப் பேசாத மனுஷர். போனில் மட்டும், எதிர்முனை தூரமாக இருப்பதால், கத்துவார்.

"ரெண்டு பேருக்கும் பக்கத்துல பக்கத்துலயே கிடைக்குமா? ... திங்கக்கிழமைதான், நாள் தள்ளவே கூடாது ... உறுதியாயிருமா? உறுதியானதும் சொல்லும்மா, அப்புறம்தான் புள்ளைகிட்டச் சொல்லணும். இல்லாட்டி அவ ஆடுற ஆட்டம் உனக்குத் தெரியாது."

திங்கட்கிழமை. மணமேடை. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு நாற்காலி. அதற்குப் பின் புதன்கிழமை என்று ஒன்று வரும், ஹைதராபாத்தில் ஒரு ஜன்னலோர நாற்காலியில் முகம் தெரியாத யாரோ பையை வைப்பார்கள்.

லமியாவைக் கூப்பிட்டாள். ஹைதராபாத் விஷயம் தெரிந்த ஒரே ஜீவன் அவள். வைட்டிலாவில் ஒரு துணிக்கடையில் வேலை.

"எடி, எனக்குக் கல்யாணம் வச்சிருக்காங்க."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். பிறகு இருமல்.

"ஏண்டி சிரிக்கிறே?"

"ஒண்ணுமில்ல. தொண்டையில... நீ சும்மா இரு அஞ்சு. அவங்க செய்யறது உன் நல்லதுக்குத்தான்."

"நீயுமா!"

"இங்க கஸ்டமர் நிக்கறாங்க, வைக்கட்டா? ஞாயிறு உன் பேச்சுக்கு வர முடியாதுடி, டியூட்டி. நல்லாப் பேசு. தமிழ்ல கத்தாதே."

அப்பாவிடம் நேரே கேட்டிருக்கலாம். அன்று ராத்திரி சோறு போடும்போது வாய் வரைக்கும் வந்தது. வேலன் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "புள்ளை, அந்த எகனாமிக்ஸ் படிச்சா என்னவாகலாம்?" என்றார்.

"என்னவும் ஆகலாம். விட்டா."

"ஓ," என்றார் அவர். ஒரு கவளம் சாப்பிட்டார். "நல்ல பாடம்தான் போல."

இந்த மனுஷரிடம் எப்படிச் சண்டை போடுவது? அஞ்சுவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. குப்பை வண்டியில் நின்றபடியே அவர் கல்லூரிக்குப் படகேறப் போன அவளுக்குக் கை காட்டிய காலைகள் ஞாபகம் வந்து, ஆத்திரத்தை அரைகுறையாக்கின. தண்ணீர் வைத்துவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை சங்க ஹால் நிறைந்திருந்தது. கீழே சுக்குக் குடோன், அதனால் மேலே இருப்பவர்கள் எல்லாரும் தும்மிக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் பிளஸ் ஒன் பிள்ளைகள். பின்னால் தெருவே வந்திருந்தது, கிழிந்த ஃப்ளெக்ஸின் புண்ணியத்தில். கடைசி வரிசையில் வேலன், தேய்த்த வெள்ளைச் சட்டையில். பக்கத்தில் பேச்சியம்மாள், முகைதீன் பிச்சை, ஸ்வர்ணலதா.

அஞ்சு மைக்கைப் பிடித்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். எகனாமிக்ஸ் படிக்கப் போறீங்க. முதல் விஷயம், மனப்பாடம் பண்ணாதீங்க. டெஃபனிஷனைக் கிளி மாதிரி ஒப்பிச்சா கிளிக்குத்தான் மார்க் கிடைக்கும். உங்க வீட்டு அடுக்களைக்கு அதை எடுத்துட்டுப் போங்க. மத்தி மீன் விலை ஏறினா உங்க அம்மா என்ன வாங்கறாங்க? அதுதான் பாடம்."

"கப்பைக் கிழங்கு!" என்றது முன்வரிசை.

"அதுதான். அதை எழுதினா போதும். ரெண்டாவது, கிராஃப். கோடு போடறதுக்கு முன்னாடி எந்தப் பக்கம் விலை, எந்தப் பக்கம் அளவுன்னு எழுதுங்க. எழுதாத கோடு வெறும் கோடு. கணக்கு வராதேன்னு பயப்படாதீங்க, எனக்கும் வராது. கோடு ஏறுதா இறங்குதா, ஏன், அதைச் சொல்லத் தெரிஞ்சா பாதி கிணறு தாண்டியாச்சு. புரியலைன்னா முதல் மாசமே கேளுங்க. சிரிக்கிறவன் சிரிக்கட்டும், பரீட்சைக்கு முந்தின நாள் அவனும் உங்ககிட்டதான் வந்து கேப்பான்."

ஹிஸானா என்ற பெண் கை தூக்கினாள். "சேச்சி, டிமாண்டுன்னா ஆசைதானே?"

"இல்லை." அஞ்சு மைக்கை இன்னும் கிட்டே இழுத்தாள். ஹாலில் ஒருவர் தும்மினார். "அங்கதான் எல்லாரும் தப்புப் பண்றாங்க. ஒரு பொருளை நீ எவ்வளவு வேணாலும் ஆசைப்படலாம். தினமும் அதை எடுத்து எடுத்துப் பார்க்கலாம். அங்க மழையா வெயிலான்னுகூடத் தெரிஞ்சு வச்சுக்கலாம். வாங்க வழி இல்லைன்னா அது டிமாண்ட் இல்ல, சும்மா ஆசை. எகனாமிக்ஸ்ல அதுக்குக் கோடே கிடையாது. எந்தக் கிராஃப்லயும் அது வராது."

பிள்ளைகள் இதை எழுதிக்கொண்டார்கள். பரீட்சைக்கு வருமென்று நினைத்திருப்பார்கள்.

"கடைசியா, அண்ணாச்சி ஃப்ளெக்ஸ்ல போட்ட விஷயம். ஒண்ணை எடுத்தா இன்னொண்ணு போகும். போறதுதான் விலை. ஆனா புஸ்தகத்துல ஒரு விஷயம் சொல்ல மாட்டாங்க. தேர்ந்தெடுக்கிறது ஒருத்தர், விலை கொடுக்கிறது இன்னொருத்தரா இருந்தா அதுக்குப் பேர் என்ன?"

இந்த இடத்தில்தான் அவளிடமிருந்த எகனாமிக்ஸ் தீர்ந்துபோனது. மிச்சமிருந்தது சண்டைத் தமிழ்.

"நான் சொல்றேன்! அதுக்குப் பேர் பெட்டி! அதுக்குப் பேர் கம்பளி! மாங்கா ஊறுகா! எல்லாரும் சேர்ந்து ரகசியம் பேசி, திங்கக்கிழமைன்னு நாள் குறிச்சு, பக்கத்துல பக்கத்துல சீட்டுப் போட்டு, போற இடத்துக்கு என்னை அனுப்பி வைக்கப் பாக்கறீங்க! நான் என்ன பார்சலா? நல்லாக் கேட்டுக்கோங்க. நான் போக மாட்டேன். திங்கக்கிழமையும் போக மாட்டேன், எந்தக் கிழமையும் போக மாட்டேன். அது எவ்வளவு பேர் உள்ள இடமா இருந்தாலும் எனக்கு வேண்டாம்! கொண்டு வந்த சாமானையெல்லாம் அவங்கவங்க எடுத்துட்டுப் போங்க!"

முகைதீன் பிச்சை, "அம்மாடி, அது..." என்று எழுந்தார். வேலன் அவர் தோளில் கைவைத்து உட்காரவைத்தார்.

"விடுங்க பாய். அவளுக்கு இஷ்டமில்லைன்னா நாம என்ன செய்ய?"

சொல்லிவிட்டு அவர் எழுந்து, யாரையும் இடிக்காமல், ஓரமாக நடந்து வெளியே போனார். பேச்சியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அழ வேண்டியவள் நானல்லவா என்று அஞ்சுவுக்குத் தோன்றியது.

முன்வரிசை கை தட்டியது. பிள்ளைகளுக்கு எகனாமிக்ஸ் இவ்வளவு சூடான பாடம் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

கூட்டம் கலைந்தது. ஸ்வர்ணலதா அவளைப் பார்க்காமலே போனாள். முப்பிடாதி மைக் ஒயரைச் சுற்றிக்கொண்டே, "பேச்சு நல்லாத்தான் இருந்துச்சு. கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்," என்றார்.

"யோசிச்சுத்தான் பேசினேன் அண்ணாச்சி."

ஜெயித்தாகிவிட்டது. ஜெயித்தவள் ஜன்னலோரம் போய் நின்று போனைத் திறந்தாள். கொச்சியில் மழை. ஹைதராபாத்தில் வெயில் வந்திருந்தது. கல்யாணம் ஒழிந்தது சரி. இன்று வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா? சீட்டு, புதன்கிழமை, பாறைகள், அந்த நாற்காலி. முதல் தடவையாக, கேட்டுவிடலாம் என்று தைரியம் வந்தது.

படியில் யாரோ வேகமாக ஏறி வந்தார்கள். பஸ் ஸ்டாப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்து, தெருவுக்கே கரண்ட் பில்லும் ரயில் டிக்கெட்டும் போட்டுக்கொடுக்கும் ஸ்நேஹா. கையில் போன், மூச்சு வாங்கியது.

"சேச்சி, யூனிவர்சிட்டியில கொண்டுபோய் விட நாளைக்கு உங்களுக்கும் அப்பாவுக்கும் போட்ட ஹைதராபாத் டிக்கெட் ரெண்டும் இப்பத்தான் கன்ஃபார்ம் ஆச்சு, ஆனா மோளுக்குப் போக இஷ்டமில்ல, கேன்சல் பண்ணிருன்னு வேலன் சேட்டன் சொல்லிட்டுப் போறாரு, பண்ணிரட்டுமா?"